சாம்பலை எங்கே கொட்டினாய்?

ஜூன் 29, 2024, சனி

பக்கத்து வீட்டுத் தாத்தா, கறியைப் புகையில் வேகவைக்கும் தன் பழைய ஸ்மோக்கரை எங்கள் தலையில் கட்டிவிட்டார். மரத்தூள் வில்லைகளைப் போட்டுவிட்டால் சூட்டைத் தானே பார்த்துக்கொள்ளும் புது மெஷின் வாங்கிவிட்டாராம். இது பழைய ரகம். கிடையாகப் படுத்த இரும்பு டிரம், அதன் ஒரு பக்கம் கொஞ்சம் தாழ ஒட்டிக்கொண்டு நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைபோக்கி. நெருப்பு ஓரிடம், கறி ஓரிடம். நடுவில் போவது சூடும் புகையும் மட்டும்தான்.

அம்பாசமுத்திரத்திலிருந்து வந்து ஒரு மாதமாக எங்களோடு இருக்கும் அம்மா அதை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தாள். "என்னலே இது, ரோடு போடுற தார் டின்னுக்குக் கால் வச்சாப்ல இருக்கு?"

தாத்தா அமெரிக்காவில் எங்கள் மாநிலமான இந்த வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்துக்காரர். அங்கே முழுப் பன்றியை விறகுக் கங்கில் ராத்திரி முழுக்க வாட்டி, வினிகரும் மிளகாயும் கலந்த தண்ணிச் சாறு ஊற்றுவார்கள். மேற்கே லெக்சிங்டன் பக்கம் போனால் முன்னந்தொடை மட்டும், சாற்றில் கொஞ்சம் தக்காளியும் சேரும். இந்த இரண்டு கட்சிக்கும் நடக்கும் சண்டை நம் ஊர் சாம்பார் சண்டையைவிட மோசம். ஆட்டுத்தொடை போடப்போகிறேன் என்றேன். "போடு. அதை பார்பிக்யூ என்று மட்டும் சொல்லாதே" என்றார்.

ஜூலை 3, புதன்

எங்கே வைப்பது என்று ஒரு மணி நேரம் யோசனை. அபார்ட்மெண்டில் இருந்தவரை இந்தக் கேள்வியே இல்லை. மர பால்கனியில் கரி அடுப்பு மூட்டக்கூடாது, எரியக்கூடிய கட்டடத்திலிருந்து பத்தடி தள்ளி வைக்க வேண்டும் என்பது இங்கே தீயணைப்பு விதி. தனி வீட்டுக்கு அதில் விலக்கு உண்டு. விலக்கு கொடுத்தவர்கள் தனி வீட்டைக் கருங்கல்லில் கட்டுகிறார்கள் என்று நினைத்தார்களோ என்னவோ. எங்கள் வீடு மரச் சட்டம், அதன்மேல் மரச்சில்லு ஒட்டிய பலகை, அதற்கும் மேலே வினைல் சைடிங் என்கிற பிளாஸ்டிக் சட்டை. அந்த வினைல் 160 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினாலே இளகத் தொடங்கிவிடும். கறி வேகும் டிரம்முக்குள் இருக்கப்போகும் சூடு 225.

ஆகவே வீட்டை ஒட்டிய டெக் என்கிற மர மேடை வேண்டாம், பின்னால் சிமெண்ட் தளத்தின் கடைசி மூலை என்று முடிவு. டேப் வைத்து அளந்தேன், சுவரிலிருந்து பன்னிரண்டு அடி. எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

சுவரோரம் செடிகளுக்கு அடியில் பைன் ஊசிச் சருகு பரப்பியிருக்கிறது. இந்த ஊர் வழக்கம் அது. கட்டுக்கட்டாக விற்கிறார்கள். சருகைக் காசு கொடுத்து வாங்குவதை அம்மாவால் இன்னும் ஏற்க முடியவில்லை. ஜூன் முழுக்க மழையே இல்லை. சருகு காலடியில் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது.

ஜூலை 4, வியாழன்

நாள் முழுக்க நெருப்போடு. தயிர், மிளகு, இஞ்சி பூண்டு தடவி முந்தின இரவே ஊறவைத்த ஆட்டுத்தொடை ஒன்று, கோழிக்கால் பன்னிரண்டு. தாத்தா வேலியோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேற்பார்வை. வெள்ளையாகப் பொங்கி வரும் புகை ஆகாது, கறி கசந்துவிடும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமல் நீலமாக ஓட வேண்டும். கொழுப்பு சொட்டித் தேங்கினால் அதுவே எண்ணெய்ச் சட்டி மாதிரி பற்றிக்கொள்ளும் என்று அடியில் ஃபாயில் தட்டு வைக்கச் சொன்னார்.

தெற்கு கரோலினாவில் ஹெமிங்வே என்றொரு சின்ன ஊர். அங்கே முழுப் பன்றிக்குப் பேர்போன ஸ்காட்ஸ் கடையின் சமையல் கொட்டகை 2013 நவம்பரில் எரிந்துபோனதை அவர்தான் சொன்னார். தலைமுறையாக நெருப்போடே வாழ்கிறவர்கள். "நெருப்புக்கு அனுபவம் பற்றியெல்லாம் கவலை இல்லை" என்றார்.

தொடை ஆறு மணிக்கு எலும்பைவிட்டுக் கழன்று வந்தது. மகள் மூன்று கோழிக்கால் சாப்பிட்டாள். அம்மா ஒரு துண்டை வாயில் போட்டு ரொம்ப நேரம் மென்றாள். "இந்தப் பொகையத் திங்கவா நான் கேஸ் அடுப்புக்கு மாறுனேன்?"

எட்டு மணிக்கு நெருப்புப் பெட்டியின் காற்றுத் துளைகளை மூடினேன். புகைபோக்கியையும் மூடினேன். காற்று இல்லாவிட்டால் நெருப்பு செத்துவிடும், பாடப் புத்தகத்தில் படித்ததுதானே. அப்புறம் வாசலில் நின்று வாணவேடிக்கை. மேலே பறந்து வெடிப்பவை இந்த மாநிலத்தில் சட்டவிரோதம். எல்லோரும் தெற்கு கரோலினா எல்லையில் வாங்கிவந்து எல்லோரும் வெடிக்கிறார்கள்.

ஜூலை 5, வெள்ளி

ராலே விமான நிலையத்தில் இன்று 106 டிகிரி. பதிவு வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து இவ்வளவு வந்ததில்லையாம். நம் கணக்கில் 41. "அம்பையிலயே இப்படி அடிக்காது" என்று அம்மாவுக்கு ஒரு பெருமை.

மாலை ஆறு மணிக்குச் சாம்பல் அள்ளினேன். நெருப்புப் பெட்டியைத் தொட்டால் சுட்டது. வெயிலில் நாள் முழுக்கக் காய்ந்த இரும்பு சுடாமல் என்ன செய்யும்? சுட்டுவிரலை உதறிக்கொண்டு, சின்ன மண்வாரியால் அள்ளி, இலைதழை போடும் பழுப்புக் காகிதப் பையில் கொட்டினேன். சாம்பல் மாவு மாதிரி சாம்பல் நிறத்தில், நடுநடுவே கரித்துண்டுகள். ஒரு பொட்டு சிவப்பு இல்லை.

அம்மா சமையலறை ஜன்னலிலிருந்து, "கங்கு கெடக்கும்லே. தண்ணிய ஊத்து."

"ஒரு நாள் ஆச்சும்மா."

"ஒரு நாள்தான ஆச்சு."

தண்ணீர் ஊற்றினால் பை கிழிந்துவிடும் என்று நினைத்தேன். பையின் வாயை மடக்கி, ஏசி பெட்டிக்குப் பக்கத்தில் சுவரோரம் வைத்தேன். ஸ்மோக்கரைத்தான் பன்னிரண்டு அடி தள்ளி வைத்திருந்தேன்.

ஜூலை 6, சனி

எழுதும்போது கை நிலையாக இல்லை. வரிசையாகவே எழுதிவிடுகிறேன்.

விடியற்காலை நாலரைக்கு அம்மா எழுந்திருக்கிறாள். ஊரில் வாசல் தெளிக்கிற நேரம். அங்கே போலவே புகை வாசம். யாரோ சருகு கொளுத்துகிறார்கள் என்று நினைத்துக் கொஞ்ச நேரம் சும்மாவே உட்கார்ந்திருந்தாளாம். அந்த வாசம் அவளுக்குப் பிடித்துக்கூட இருந்திருக்கிறது. அப்புறம்தான் இந்த ஊரில் யாரும் எதையும் கொளுத்துவதில்லையே என்று உறைத்திருக்கிறது. அதோடு பிளாஸ்டிக் நாற்றமும் சேர்ந்திருக்கிறது.

"ஏல, எந்திரி. வீடு கருகுது."

பக்கவாட்டுக் கதவைத் திறந்தால், பை இருந்த இடத்தில் பை இல்லை. சருகில் ஆறேழு அடிக்கு ஒரு சிவப்புக் கோடு ஊர்ந்துகொண்டிருந்தது, எறும்பு வரிசை மாதிரி. சத்தமே இல்லை. ஒரு செடி மட்டும் சுவரோடு சேர்ந்து இடுப்புயரத்துக்கு எரிந்தது. அதற்கு மேலே வினைல் மெழுகு போல வழிந்து, மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. என் மனைவி மகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போய் 911-ஐ அழைத்தாள். நான் தோட்டத்து ஹோஸைப் பிடித்தேன். கால் செருப்பு இல்லை என்பது அப்புறம்தான் தெரிந்தது.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் கண்ணுக்குத் தெரிந்த தீ அணைந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். அவர்கள் என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, சூட்டைப் படம் காட்டும் கேமராவைச் சுவரில் பிடித்தார்கள். திரையில் சுவர் கறுப்பு. அதில் முழங்கைக்கு மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளைத் திட்டு. சைடிங்கைக் கொக்கியால் இழுத்துப் பிய்த்தார்கள். உள்ளே பலகை கருகி, ஓரம் மட்டும் கனன்றுகொண்டிருந்தது. நான் ஹோஸால் அடித்த தண்ணீர் முழுக்க வினைல் மேலேயே வழிந்து போயிருக்கிறது.

ஓர் இளம் வீரர் மேலே கூரை விளிம்பைக் காட்டினார். அதன் அடிப்பக்கம் பரணுக்குக் காற்றுப் போக வரிசையாகத் துளைகள். சுவரின் வெளியே ஏறும் தீ அந்த வழியாகப் பரணுக்குள் போய்விடும் என்றார். புகை அலாரங்கள் எல்லாம் வீட்டுக்குள் கீழே இருக்கின்றன. தலைக்கு மேலே எரிவது தெரியாமலே தூங்கிக்கொண்டிருப்பார்களாம்.

பிறகு அலாரம் பார்க்க உள்ளே வந்தார். சமையலறை வாசலில் விட்டத்தில் வெறும் வட்டத் தட்டும் தொங்கும் ஒயரும். தாளிக்கும்போதெல்லாம் கத்துகிறது என்று பிப்ரவரியில் கழற்றி டிராயரில் போட்டது நான்தான். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

இரவு அம்மா சொன்னது இது. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது தீப்பெட்டிச் செலவு மிச்சம் என்று ராத்திரி அடுப்பை அணைக்க மாட்டார்களாம். நல்ல கங்காக நாலைந்தைக் குவித்து மேலே சாம்பலைப் போட்டு மூடிவிடுவார்கள். காலையில் சாம்பலை விலக்கி, தேங்காய் நாரை வைத்து ஊதுகுழலால் நாலு ஊது. பற்றிக்கொள்ளும். நான் நெருப்பை அணைக்கிறேன் என்று நினைத்துச் செய்தது, அவள் ஆச்சி நெருப்பைக் காப்பாற்றச் செய்த அதே வேலை. போதாததற்கு அந்தப் பழைய பெட்டியின் கதவு சரியாக மூடாது. சாம்பல் போர்த்திக்கொண்டு, இடுக்கில் வந்த காற்றைக் குடித்துக்கொண்டு, கங்கு ஒரு நாள் முழுக்க இருந்திருக்கிறது. இரும்பு சுட்டது வெயிலால் மட்டும் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்சூரன்ஸ் ஆள் வந்து படம் எடுத்துப் போனார். முதல் ஆயிரம் டாலர் எங்கள் கையிலிருந்து. மற்றபடி தருவார்கள் போலத்தான் தெரிகிறது.

அலாரத்தை மறுபடி மாட்டிவிட்டேன். டிராயரில் கிடந்ததைத் திருப்பிப் பார்த்தால் தேதி 2011. பத்து வருடத்தில் மாற்ற வேண்டிய சாமான். துளி கதிரியக்கப் பொருளை வைத்துப் புகையைக் கண்டுபிடிக்கும் வகை தாளிப்புக்குச் சும்மா சும்மா கத்தும், ஒளியால் புகையைப் பார்க்கும் வகை அவ்வளவு கத்தாது என்று படித்து இரண்டாவதை வாங்கினேன். அடுப்பிலிருந்து பத்தடிக்கு மேல் தள்ளி மாட்டினேன். இன்று மோர்மிளகாய் வறுத்தபோது ஒரே ஒரு தடவைதான் கத்தியது. மகள் ஓடிப்போய் துண்டால் விசிறினாள்.

ஜூலை 19, ஆடி முதல் வெள்ளி

வடைக்கு அரைத்தாயிற்று. வீட்டுக்குள் எண்ணெய் வாசம் வேண்டாம் என்று இத்தனை வருடமும் கராஜில் புரொப்பேன் அடுப்பு வைத்துப் பொரிக்கிறோம். இந்தப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் பாதிப் பேர் அப்படித்தான். இன்று சட்டியை வைக்கும்போது நிமிர்ந்து பார்த்தேன். மூன்றடியில் புல்வெட்டி, அதன் பக்கத்தில் அதற்கான பெட்ரோல் கேன். எத்தனை தீபாவளிக்கு அது அங்கேயே இருந்திருக்கிறது!

சமையலறைக்கே வந்துவிட்டோம். சட்டிக்குச் சரியான மூடி ஒன்றைத் தேடி எடுத்து அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். எண்ணெய் பற்றினால் அடுப்பை நிறுத்தி மூடியைத் தள்ளி மூட வேண்டும், சட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. தண்ணீர் கூடவே கூடாது. அடியில் போகும் தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1,700 மடங்கு விரிந்து, எரியும் எண்ணெயை விட்டம் வரை தூக்கி எறியும். தேங்க்ஸ்கிவிங் என்கிற நன்றி சொல்லும் நாளுக்கு இங்கே ஐஸ் விடாத வான்கோழியை எண்ணெயில் இறக்கி டெக்கை எரிக்கிறவர்கள் செய்வதும் இதேதான். அமெரிக்காவில் சமையல் தீ மிக அதிகமாகப் பிடிப்பது அந்த ஒரு நாளில். மனைவியிடம் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது அம்மா, "மாவுல தண்ணி கூடிப்போனா வடை வெடிக்கும்ல, அதத்தான இவ்வளவு நேரமா சொல்லுத?" என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 8, வியாழன்

டெபி புயல் வந்து நாள் முழுக்கக் கொட்டுகிறது. ஒரு மாதம் முன்னால் வந்திருக்கலாம்.

புதுச் சைடிங் போன வாரம் மாட்டினார்கள். அதே கம்பெனி, அதே நிறம், அதே எண். ஆனால் பழையது பதின்மூன்று வருட வெயிலில் வெளுத்திருக்கிறது. சுவரில் புடவைக்கு ஒட்டுப் போட்டது மாதிரி ஒரு சதுரம். நிறம் பொருந்தவில்லை என்று குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம். வீடு எரிந்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள்? அந்தச் சுவரோரம் சருகை முழுக்க வாரிவிட்டு, கூழாங்கல் கொட்டிவிட்டேன். அதற்கும் அனுமதி கேட்டிருக்க வேண்டுமாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அம்மா அடுத்த வாரம் ஊருக்கு. ஸ்மோக்கரைத் தாத்தாவிடமே திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று மனைவி சொன்னாள். ஆச்சரியமாக, அம்மாதான் வேண்டாம் என்றாள். "அது என்ன பாவம் பண்ணிச்சு?"

நேற்று மறுபடி கோழி போட்டேன். மூடியுள்ள தகர வாளி ஒன்று வாங்கியிருக்கிறேன். இன்று மாலை சாம்பலை அதில் அள்ளி, ஹோஸைத் திறந்துவிட்டேன். ஒரு மூலையில் 'சுர்ர்' என்றது, இருபது மணி நேரத்துக்கு அப்புறமும். வாளி முக்கால் நிறைந்ததும் நிறுத்தி, மூடியைத் தேடினேன்.

அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒரு குச்சியை எடுத்து வாளியின் அடிவரைக்கும் விட்டு, நிதானமாக நாலு பக்கமும் கிளறினாள். குச்சியை வெளியே எடுத்து நுனியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னும் ரெண்டு செம்பு ஊத்து."

ஊற்றினேன்.