கெலிங்கிங் இறங்கப் போறீங்களா?

பாலி போற சென்னைக்காரங்க, பக்கத்துல இருக்கற நுசா பெனிடா தீவுல கெலிங்கிங் பாறையில இருந்து கீழ பீச்சுக்கு இறங்கணும்னா, பெசன்ட் நகர் பீச் வாக்கிங் மட்டும் பத்தாது. மேடு அதிகம் இல்லாத ஊரு நம்மளுது. ரெண்டு வாரமாவது பரங்கிமலைப் படி ஏறி இறங்குங்க. முக்கியமா இறங்குங்க. முட்டி வலி வர்றது அதுலதான்.

பாலியில சானூர்ல இருந்து தீவுக்குப் படகு முக்கால் மணி நேரம். வாந்தி வரும்னா அரை மணி முன்னாடியே மாத்திரை.

ஷூ அரை சைஸ் பெருசா இருக்கட்டும். லேஸை மேல் ஓட்டை வரை கோத்துக் கணுக்கால்கிட்ட இறுக்குங்க. இல்லன்னா இறக்கத்துல கால் முன்னாடி சறுக்கி, பெருவிரல் நகம் கறுத்துடும். மூங்கில் கைப்பிடியில முழு எடையைப் போடாதீங்க, கட்டு தளர்ந்திருக்கலாம். செங்குத்தான இடத்துல ஏணி மாதிரி பாறையைப் பாத்துத் திரும்பி இறங்கணும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணி, ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட்.

விளிம்புல செல்ஃபி வேண்டவே வேண்டாம். சுண்ணாம்புப் பாறை, அடியை அலை அரிச்சிருக்கும், மேல நின்னா தெரியாது. கீழே கடல்லயும் இறங்காதீங்க, இழுப்பு ஜாஸ்தி. வழிகாட்டி "திரும்பலாம்"னா உடனே திரும்புங்க. ஏறுறதுக்கு இறங்கின நேரத்தைவிட அதிகம் ஆகும், மாலைப் படகு காத்திருக்காது.