டிஃப்பில் தெரியாத பூட்டு

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வந்த ஒரு பேட்ச்சுக்கு (நிரல் திருத்தத்துக்கு) ‘ரிவ்யூட்-பை’, அதாவது ‘பரிசீலித்தவர்’ என்று என் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, எட்டு நாள் கழித்து அதை நானே திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அந்த உறுத்தல் இன்னும் ஆறவில்லை. பரிசீலனைக்குப் புதிதாக வருகிறவர்கள் அதே இடத்தில் இடறக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

பேட்ச் சிறியதுதான். ஒரு நெட்வொர்க் டிரைவரில் பெரிய அரே ஒன்று, ஃபங்ஷன்களின் தற்காலிக நினைவிடமான ஸ்டேக்கில் இருந்ததால் கம்பைலர் எச்சரித்துக்கொண்டிருந்தது. 64 பிட் எக்ஸ்86 கெர்னலில் ஒரு த்ரெட்டுக்குக் கிடைக்கும் ஸ்டேக் 16 கிலோபைட்தான் என்பதால், அது அலட்சியப்படுத்தக்கூடிய எச்சரிக்கை அன்று. பேட்ச்சை அனுப்பிய புதியவர் அரேயை நீக்கிவிட்டு, ‘கேமலாக்’ என்ற ஃபங்ஷன் மூலம், ஒதுக்கும் முறையைச் சொல்லும் ‘ஜிஎஃப்பி_கெர்னல்’ கொடியுடன் நினைவகம் ஒதுக்கியிருந்தார். பேட்ச்சின் நடையைச் சரிபார்க்கும் செக்பேட்ச் கருவி ஒரு குறையும் சொல்லவில்லை, பில்ட் ஆயிற்று, சோதனைக் கணினியிலும் ஓடியது.

அந்த ஃபங்ஷனில் நான்கு ரிட்டர்ன்கள் இருந்தன. நான்கிலும், ஒதுக்கிய நினைவகத்தை விடுவிக்கும் ‘கேஃப்ரீ’ இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்த்தேன், இருந்தது. அத்துடன் வேலை முடிந்தது என்று நினைத்ததுதான் என் பிழை. மாறிய வரிகளுக்கு மேலும் கீழும் மும்மூன்று வரிகளைத்தான், பேட்ச்சின் மாற்றப் பட்டியலான டிஃப் வழக்கமாகக் காட்டும். இந்த ஃபங்ஷனை அழைக்கும் இடமோ அதே கோப்பில் வெகு தொலைவில் இருந்தது. அங்கே, ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் தடுக்கும் ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் இதை அழைத்தார்கள். ஸ்பின்லாக் கையில் இருக்கும்போது தூங்கக் கூடாது, அதாவது ப்ராசசரை விட்டுக்கொடுத்துக் காத்திருக்கக் கூடாது. நினைவகத்துக்குத் தட்டுப்பாடு வந்தால் ‘ஜிஎஃப்பி_கெர்னல்’ தூங்கிவிடும். என் கணினியில் நினைவகம் தாராளமாக இருந்ததால் அது தூங்க நேரவே இல்லை. தூங்கக்கூடும் என்பதையே பிடித்துச் சொல்லும் ‘டீபக் அட்டாமிக் ஸ்லீப்’ தெரிவையும் நான் இயக்கியிருக்கவில்லை.

பராமரிப்பாளர் பேட்ச்சைத் தம் கிளையில் சேர்த்த பிறகு, அந்தத் தெரிவுடன் கெர்னலை ஓட்டிய ஒருவரிடமிருந்து, தகாத சூழலில் தூங்கக்கூடிய ஃபங்ஷன் அழைக்கப்பட்டதாக அறிக்கை வந்தது. நான் கைபேசியிலிருந்து பதறிப்போய் அனுப்பிய மடல் எச்டிஎம்எல் வடிவில் இருந்ததால், பேட்ச்சுகள் விவாதிக்கப்படும் மடற்குழுவிலிருந்து திருப்பியனுப்பப்பட்டது. கணினிக்கு வந்து வெற்று உரையாக மீண்டும் எழுதினேன். அதற்குள் அந்தப் புதியவர் முழுப் பழியையும் தம்மேல் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டிருந்தார். பார்த்துவிட்டேன் என்று கையொப்பம் இட்டவன் நான் என்பதால், பிழை எனக்கும் உரியது என்று வெளிப்படையாக எழுதினேன். புதிய மாற்றங்கள் முதன்மை மரத்தில் சேர்க்கப்படும் காலமான மெர்ஜ் விண்டோ அப்போது இன்னும் திறந்திருக்கவில்லை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டார்வால்ட்ஸின் மரத்துக்குப் போகாமல் பேட்ச் விலக்கப்பட்டதில்தான் எனக்கு மூச்சு வந்தது.

‘ஜிஎஃப்பி_அட்டாமிக்’ என்று கொடியை மட்டும் மாற்றிவிடலாம் என்ற யோசனையும் எழுந்தது. நான் அதை ஏற்கவில்லை. அது தூங்காது என்பது உண்மைதான், ஆனால் நினைவகம் கிடைக்காமல் தோற்கும் வாய்ப்பு அதில் அதிகம். பூட்டைப் பிடிக்கும் முன்பே, அழைக்கும் இடத்தில் ஒதுக்கிக்கொள்வதே முறை. பேட்ச்சின் இரண்டாம் பதிப்பில் அந்தப் புதியவர் அப்படித்தான் செய்திருந்தார். இம்முறை ‘கிட் கிரெப்’ என்ற தேடல் கட்டளையைப் போட்டு, அழைக்கும் ஒவ்வோர் இடத்தையும் முதலிலிருந்து கடைசிவரை படித்தேன். பிழை நேரும் ஒரு பாதையில் நினைவகம் விடுவிக்கப்படாமல் போவது கண்ணில் பட்டது. அதைச் சொன்னதோடு, ஃபங்ஷனின் தொடக்கத்தில், பூட்டு பிடிபட்டிருக்க வேண்டும் என்று சொல்லும் ‘லாக்டெப்_அசெர்ட்_ஹெல்ட்’ வரி ஒன்றையும் சேர்க்கக் கேட்டேன்.

மூன்றாம் பதிப்பு ஏற்கப்பட்டது. இனி அந்த ஃபங்ஷனை மட்டும் திறந்து பார்ப்பவருக்கும், பூட்டு பிடிபட்டிருக்கிறது என்பது முதல் வரியிலேயே தெரியும்.