களரி இழந்த கூத்து

முல்லைத்தீவு மாவட்டத்தில் கலாசார உத்தியோகத்தராகப் பணியாற்றிய காலத்தில், கூத்தாட இப்போது ஆளில்லை என்ற பேச்சை நான் அடிக்கடி கேட்டேன். நான் கண்டது வேறு. ஆடத் தெரிந்தவர்களும் மத்தளம் அடிக்கத் தெரிந்தவர்களும் ஊர்களில் இருந்தார்கள். அவர்களுக்கு உரிய இடமும், விடியவிடிய நீளும் இரவும்தான் இல்லாமற்போயிருந்தன.

வன்னியில் பாட்டுக்கென்று மண்டபம் தேவைப்பட்டதில்லை. காலபோகம் எனப்படும் மாரிகால நெற்செய்கை வயலில் அருவி வெட்டுப் பாட்டு, அதாவது அறுவடைப் பாட்டு, எழுந்தது. வெட்டு மெசின் வயலில் இறங்கிய பிறகு அதற்கு வேலையில்லாமற் போயிற்று. கூத்தின் கதை அவ்வளவு சுருக்கமானதன்று. நெல் வீடு வந்து சேர்ந்த பின் கோயில் வீதிகளில் கூத்தாடும் மண்மேடையான களரியைப் போடுவார்கள். முள்ளியவளைப் பக்கத்தில் கோவலன் கூத்து கண்ணகை அம்மன் வழிபாட்டோடு ஒன்றியது. வற்றாப்பளை வைகாசிப் பொங்கலை ஆண்டின் நடுநாயகமாகக் கொண்ட அந்த மக்கள், பாயும் பிள்ளைகளுமாக வந்து, அம்மன் கதையை அம்மனுக்கு முன்னால் இருப்பது போன்ற பக்தியோடு பார்த்தார்கள்.

2008 இன் பிற்பகுதியில் தொடங்கிய இடப்பெயர்வு முள்ளிவாய்க்கால் வரை சென்று, 2009 இல் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமில் வந்து நின்றது. பல வீடுகளில் பாட்டுகளை எழுதிவைத்திருந்த கூத்துக் கொப்பிகள் அந்த வழியிலேயே போய்விட்டன. மீள்குடியேற்றத்தின் பின் பாடல்களைச் சேகரிக்கச் சென்றபோது, ஒரு வயோதிபத் தாயார் மாதவி களரிக்கு வரும்போது பாடப்படும் வரவுப் பாட்டைத் தடங்கலின்றிப் பாடினார். பெண்கள் களரியில் ஏறாத காலத்தவர் அவர். தகப்பனார் முற்றத்தில் கூத்துப் பழக்கியபோது அடுப்படியிலிருந்து கேட்டே பாடமாக்கியிருந்தார். எங்கள் சேகரிப்புப் பட்டியலில் அவரைப் போன்றவர்களுக்கு இடமே இருக்கவில்லை என்பது இன்றும் என்னை வருத்துகிறது.

பின்னர் கூத்துப் போட்டிகள் வந்தன. மண்டபமும் ஒலிவாங்கியும் நேரக் கட்டுப்பாடும் அவற்றோடு வந்தன. வட்டக்களரியில் ஆட்டக்காரர் ஒரு பக்கத்துச் சபையோருக்கு ஓர் அடியைப் பாடி, ஆடியபடியே மறுபக்கம் திரும்பி அதையே மீண்டும் பாடுவார். பிற்பாட்டுக்காரர் அதை வாங்கிப் பாடும் இடைவெளியில் அவர் மூச்செடுத்துக்கொள்வார். மேடையில் சபை ஒரே பக்கத்தில் இருப்பதால் திரும்ப வேண்டிய தேவையில்லை. கோவலன் வேடமிட்ட இளைஞர் ஒருவர், தம் குரல் சபையை எட்ட வேண்டுமென்று ஒலிவாங்கியின் முன்னாலேயே பாட்டு முடியும்வரை நின்றதைப் பார்த்தேன். காலில் சலங்கை இருந்தது, ஆட்டம் இருக்கவில்லை. மூச்சு வாங்க நேரமின்றி அவருடைய குரலும் பாதியில் தளர்ந்தது.

உடுப்புக்கும் மத்தளத்துக்கும் நிதி வழங்குவோரிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான்: கோயில் வீதியில் ஒரு மண்களரியும், விடியும்வரை ஆடுவதற்கான அனுமதியும். மண்டபத்துக்கு நிதி கிடைத்த அளவுக்கு அதற்குக் கிடைக்கவில்லை. அறங்காவலர்கள் இசைந்த ஓர் ஊரில் மட்டும் இளைஞர்கள் வீதியைச் செருக்கி, மண் நிரப்பி, களரியைத் தாங்களே அமைத்தார்கள். கூத்துப் பழக்கும் ஆசிரியரான அண்ணாவியார் அங்கேயே அவர்களுக்கு முதலில் திரும்பி ஆடப் பழக்கினார்; பாட்டுப் பழக்கம் அதற்குப் பிறகே தொடங்கியது.