ஓட்டிஸ் ரெட்டிங்: ஒரே பாட்டு, இரண்டு பதிவு

மூன்று வாரமாகப் படுத்தி எடுத்த மோனோ (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வரும்) ரெக்கார்ட் நேற்று ராத்திரி ஒருவழியாக வழிக்கு வந்தது. அமெரிக்க சோல் பாடகர் ஓட்டிஸ் ரெட்டிங்கின் 'ஓட்டிஸ் ப்ளூ' ஆல்பம், 1965. ஸ்டீரியோ (இடதும் வலதும் தனித்தனியாக ஒலிக்கும்) பிரதி ரொம்ப நாளாக என்னிடம் இருக்கிறது. மோனோவைத் தேடிப் பிடித்தது 'ஐவ் பீன் லவிங் யூ டூ லாங்' என்ற ஒரே பாட்டுக்காக.

இரண்டு தட்டிலும் இருப்பது ஒரே பதிவு இல்லை. மோனோவில் இருப்பது அந்த வருடம் ஏப்ரலில் சிங்கிளாக, அதாவது தனிப்பாட்டுத் தட்டாக, வந்த பதிவு. ஜூலையில் மெம்பிஸில் ஸ்டாக்ஸ் ஸ்டூடியோவில் ஆல்பத்தை இரண்டே நாளில் முடித்தபோது, ஸ்டீரியோவுக்காக அதைத் திரும்பவும் பாடியிருக்கிறார்.

பிரச்சினை என்னவென்றால், இது முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு. உள்வட்டத்தில் தேய்மானம் எப்போதுமே அதிகம். ஈரத்துணி, பிரஷ், இரண்டு தடவை கழுவல் எல்லாம் ஆயிற்று. எண்ணெயில் பொரிவது போன்ற அந்தப் பொரிச்சல் சத்தம் பாதிதான் குறைந்தது.

அப்புறம்தான் கணினியில் ஆடாசிட்டி என்ற ஒலி எடிட்டிங் மென்பொருளோடு உட்கார்ந்தேன். மோனோ தட்டில் பாட்டு பக்கவாட்டு அசைவில் மட்டும் இருக்கிறது. தூசியும் கீறலும் ஊசியை மேலும் கீழும் தூக்கிப் போடும். இடது, வலது என்ற இரண்டு சானலையும் கூட்டினால் அந்த மேல்கீழ்ச் சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். ஆனால் இரண்டும் அளவில் சரியாக ஒத்துப்போக வேண்டும். என் கார்ட்ரிட்ஜ் (ஊசி பொருத்தியிருக்கும் பகுதி) அப்படித் தரவில்லை. அதனால் அளவைச் சரிபார்க்க, வலது சானலைத் தலைகீழாக்கி இடதுடன் சேர்த்தேன். அளவு சரியாக இருந்தால் பாட்டு காணாமல் போய் வெறும் பொரிச்சல் மிஞ்ச வேண்டும். முதலில் ஓட்டிஸின் குரல் தூரத்தில் ஒரு நூல் போலக் கேட்டது. ஒரு சானலின் அளவை 0.1 டெசிபலாக ஏற்றி ஏற்றி, 0.7 வந்ததும் குரல் மறைந்தது. அந்த நொடிக்காக மூன்று வாரம் என்ன, மூன்று மாதம்கூட உட்காரலாம்.

ஆனாலும் முடிவுப் பகுதியில் பித்தளை வாத்தியங்கள் படிப்படியாக ஏறும் இடம் கரகரத்தது. வலது சானலை மட்டும் கேட்டால் காது கூசியது, இடது சுத்தமாக இருந்தது. முன்பு வைத்திருந்த யாரோ ஒருவரின் பிளேயர் தட்டின் பள்ளத்தில் ஒரு சுவரை அரித்திருக்கிறது. அந்த இடத்துக்கு மட்டும் இடது சானலையே இரண்டு பக்கமும் போட்டு ஒட்டினேன். ஒட்டு தெரியவில்லை.

இப்போது இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்கலாம். ஸ்டீரியோவில் ஸ்டாக்ஸ் கிடாரிஸ்ட் ஸ்டீவ் க்ராப்பரின் கிடார் தனியாக நிற்கிறது, விரல் விரலாக எண்ணலாம். மோனோவில் எல்லாம் ஒரே உருண்டையாக வந்து நெஞ்சில் மோதுகிறது. என் ஓட்டு ஏப்ரல் பதிவுக்குத்தான். ஓட்டிஸ் பின்னணிப் பாடகர்களை அநேகமாக வைத்துக்கொண்டதே இல்லை. பித்தளை வாசிப்பவர்களுக்கு அவரே வாயால் முனகிக் காட்டி வரிகளைச் சொல்லித் தருவாராம். குரலும் பித்தளையும் ஒரே இடத்திலிருந்து வரும்போதுதான், குரலுக்குப் பித்தளையில் பதில் சொல்வதும் அவரே என்று புரிகிறது.

மோனோ வாங்குபவர்களுக்கு ஒரு வார்த்தை: விற்பவரிடம் முதல் பக்கத்தின் கடைசி அங்குலத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு விற்றவர் முன்பக்க அட்டையின் படம் மட்டும்தான் அனுப்பினார்.

அடுத்தது ஓட்டிஸின் 1966 பாட்டு 'ட்ரை எ லிட்டில் டெண்டர்னெஸ்'. அல் ஜாக்ஸன் டிரம்மின் விளிம்பில் டிக் டிக்கென்று தட்டுவதும் பொரிச்சலும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். மென்பொருள் இரண்டையும் சேர்த்து அழித்துவிடும் என்ற பயம் இருக்கிறது. கையாலேயே ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறேன். 'ஓட்டிஸ் ப்ளூ'வின் இரண்டாம் பக்கத்தை இன்னும் கழுவவே இல்லை.