பிரிகேடியர் ஓய்வு பெற்றது எந்த ஆண்டில்?

பிபிசியின் ‘டாக்டர் ஹூ’ தொடரில், காலப்பயணம் செய்யும் நாயகனான டாக்டரின் பயணங்களைக் கூட ஒருவாறு வரிசைப்படுத்திவிடலாம். பூமியை விட்டு அதிகம் நகராத ஒரு ராணுவ அதிகாரியின் பணிக்காலத்தைக் கணக்கிடுவதுதான் கடினம். யூனிட் என்ற படையின் பிரிட்டிஷ் பிரிவுக்குத் தலைவரான பிரிகேடியர் லெத்பிரிட்ஜ்-ஸ்டூவர்ட், வேற்றுக்கிரகவாசிகளுடன் எழுபதுகளில் போரிட்டாரா, எண்பதுகளிலா என்று ரசிகர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

அவர் முதன்முதலாகத் தோன்றியது 1968-இல் ஒளிபரப்பான, லண்டன் சுரங்க ரயில் பாதைகளில் நடக்கும் ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையில். 1935-இல் இமயமலைப் பகுதியில் நடந்த முந்தைய கதை ஒன்றுக்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பின் இது நடப்பதாக வசனம் வருவதால், கதையின் காலம் ஏறக்குறைய 1975 ஆகிறது. அதே 1968-இன் இறுதியில் வந்த ‘தி இன்வேஷன்’ கதையில், அந்தச் சுரங்க ரயில் விவகாரம் முடிந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று பிரிகேடியரே சொல்கிறார். ஆக, யூனிட் படையை அவர் நடத்துவதை நாம் முதலில் பார்ப்பதே 1979 வாக்கில்தான். எழுபதுகளின் கதைகளும் இந்தக் கணக்குக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன: 1970-இல் வந்த கதையில் பிரிட்டன் செவ்வாய்க்கு மனிதர்களை அனுப்புகிறது; 1975-இல், தாட்சர் பதவிக்கு வர நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, பிரிகேடியர் தொலைபேசியில் ஒரு பெண் பிரதமருடன் பேசுகிறார். அதே ஆண்டு ‘பிரமிட்ஸ் ஆஃப் மார்ஸ்’ கதையில் டாக்டருடன் பயணிக்கும் சாரா ஜேன், தான் 1980-ஐச் சேர்ந்தவள் என்று ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிடுகிறாள்.

பிறகு 1983-இல் ‘மாட்ரின் அன்டெட்’ வந்தது. அதில் 1977-ஆம் ஆண்டு, எலிசபெத் அரசியின் வெள்ளிவிழாக் கொண்டாட்டங்களுக்கு நடுவே, நம் பிரிகேடியர் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறார். ராணுவத்திலிருந்து முந்தைய ஆண்டே ஓய்வு பெற்றுவிட்டாராம். பழைய கணக்கை நம்பினால், படையை ஏற்று நடத்துவதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாகவே ஓய்வூதியம் வாங்கியவர் அவர்.

இந்தக் குளறுபடிக்கான காரணம் எனக்குக் குளறுபடியை விடவும் சுவையாகப் படுகிறது. அந்தப் பாத்திரம் முதலில் பிரிகேடியருக்கென்று திட்டமிடப்பட்டதே அல்ல. தொடரின் ஆரம்பகாலத் துணைவரான இயன் செஸ்டர்டன் என்ற அறிவியல் ஆசிரியரைத்தான் பள்ளியில் வைக்க நினைத்திருந்தார்கள். அந்த நடிகர் கிடைக்காமல் போகவே, சீருடை அணிந்து பழகியவர் கரும்பலகையின் முன் வந்து நிற்க நேர்ந்தது. சரிபார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். ஆனால் பிபிசி பழைய ஒளிநாடாக்களைப் பெருமளவில் அழித்திருந்தது. ‘தி வெப் ஆஃப் ஃபியர்’ கதையின் பெரும்பகுதி 2013-இல் நைஜீரியாவிலிருந்து மீட்கப்படும் வரை பார்க்கவே கிடைக்கவில்லை. (ஒளிநாடா இல்லாததை எல்லாவற்றுக்கும் சாக்காகச் சொல்ல முடியாது. அட்லாண்டிஸ் அழிந்ததற்கு 1971-இலும் 1972-இலும் தொடர் தந்த இருவேறு காரணங்களும் ராபர்ட் ஸ்லோமன் என்ற ஒரே எழுத்தாளர் பங்கேற்று எழுதிய கதைகளில்தான் இருக்கின்றன.)

2005-இல் மீண்டும் தொடங்கிய புதிய தொடர் இந்த முரணைத் தீர்க்க முயலாமல் விட்டதை நான் பாராட்டுவேன். 2008-இல் டாக்டர், தான் யூனிட்டில் வேலை பார்த்தது எழுபதுகளிலா எண்பதுகளிலா என்று தானே குழம்புகிறார். 2013-இல் பிரிகேடியரின் மகள் கேட், ஒரு பழைய கோப்பைத் தேடச் சொல்லும்போது, அது எந்தத் தேதிமுறையைப் பின்பற்றுகிறோம் என்பதைப் பொறுத்து எழுபதுகளிலோ எண்பதுகளிலோ இருக்கும் என்கிறார். விவரம் அறிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அறியாதவர்களுக்குக் கதை எங்கும் தடைபடுவதில்லை.

இன்னொரு முரணுக்கு இந்தப் பெருந்தன்மை வாய்க்கவில்லை. டாக்டர், சாகும் தருவாயில் வேறு உருவத்துக்கு மாறிவிடும் ‘காலத் தலைவர்’ என்ற வேற்றுக்கிரக இனத்தவராக அறியப்பட்டவர்; வெவ்வேறு நடிகர்கள் அவராக வருவது அதனால்தான். 1976 ஜனவரியில் ‘தி பிரெய்ன் ஆஃப் மார்பியஸ்’, நாம் அறிந்த முதல் டாக்டருக்கும் முன்னால் எட்டு முகங்கள் இருந்ததாகக் காட்டியது. வேடமிட்டு நின்றவர்கள் தயாரிப்புக் குழுவினர். அதே ஆண்டின் இறுதியில் ‘தி டெட்லி அசாசின்’, ஒரு காலத் தலைவர் பன்னிரண்டு முறைதான் உருமாற முடியும் என்று விதி வகுத்தது. முதல் கதையைத் திருத்தி எழுதியவரும் இரண்டாவதை எழுதியவரும் ராபர்ட் ஹோம்ஸ் என்ற ஒருவரே. அந்த எட்டு முகங்களில் அவருடையதும் ஒன்று. பல்லாண்டுகள் யாரையும் உறுத்தாமல் கிடந்த அந்தச் சில நொடிகளுக்கு 2020-இல் ‘தி டைம்லெஸ் சில்ட்ரன்’ விளக்கம் தந்தது: டாக்டர் காலத் தலைவர் இனத்தில் பிறந்தவரே அல்லர், எங்கிருந்தோ வந்து கண்டெடுக்கப்பட்ட குழந்தை, அந்த இனத்தாரின் உருமாறும் ஆற்றலே அக்குழந்தையிடமிருந்து பெறப்பட்டது. எட்டு முகங்களுக்கு இடம் கிடைத்துவிட்டது என்பது உண்மைதான். ஆனால், சாதாரணக் காலத் தலைவராகப் பிறந்தும் ஒரு பழைய காலப்பயண வண்டியைத் திருடிக்கொண்டு ஊரைவிட்டு ஓடியவர் என்பதால்தான் அவரை எனக்குப் பிடித்திருந்தது. பிறப்பிலேயே தனித்தன்மை கொண்டவராக ஆகிவிட்டால் அந்த ஓட்டத்தின் துணிச்சல் பாதியாகிவிடுகிறது.