கட்டில், கண்ணாடி, கொஞ்சம் தண்ணீர்

ஃபெங் சுய் என்பது வீட்டையும் பொருட்களையும் அமைக்கும் சீன முறை; பெயருக்குச் சீனத்தில் காற்றும் நீரும் என்று அர்த்தம். தெற்குப் பார்த்த வாசல் அதற்கு உகந்தது. நம்மூர் வாஸ்துக்காரர்களோ தெற்கு என்றாலே முகம் சுளிப்பார்கள். இரண்டையும் கலந்து குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் கட்டில். தலைமாடு சுவரை ஒட்டி இருக்கணும். படுத்தபடியே கதவு தெரியணும், ஆனால் கால் நேராகக் கதவைப் பார்க்கக் கூடாது. கட்டிலுக்கு எதிரே கண்ணாடியும் கூடாது. ஆனால் சென்னை ஃபிளாட்டின் பத்துக்குப் பத்து அறையில் பீரோ கண்ணாடி கட்டிலுக்கு எதிரே வந்து நிற்கும். நகர்த்த இடமில்லையென்றால் ராத்திரி ஒரு துணியைப் போட்டு மூடுங்கள்; தெருவிளக்கு வெளிச்சம் தெறிப்பதாவது நிற்கும்.

வாசலில் செருப்புக் குவியல் கூடாது, அவ்வளவுதான்.

ஃபெங் சுய்க்காக வாங்கி வைக்கும் ‘லக்கி பாம்பூ’ மூங்கிலே இல்லை, டிரசீனா வகைச் செடி. வேர் மூழ்கத் தண்ணீர் போதும். நேர் வெயில் பட்டால் இலை கருகும். குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்து, குளோரின் போனபின் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை மாற்றாவிட்டால் டெங்கு கொசு குடியேறிவிடும்.

மேசை நீரூற்றில் போர் தண்ணீர் வேண்டாம். உப்பு படிந்து பம்ப் மிக்ஸி மாதிரி கத்தும். வினிகரில் அரை மணி நேரம் ஊறவைத்துப் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் அடங்கும்.