அக்கா கணக்கில் ஏறிய 1,35,000

18 நவம்பர் 2024

பல்லடம் பக்கத்தில் நான் நடத்துகிற இ-சேவை மையத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் பாஸ்புக்கை நீட்டி, "என்ன காசு ஏறியிருக்குன்னு பாருங்க தம்பி" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கேஸ் மானியம், நூறு நாள் வேலைச் சம்பளம், பி.எம். கிசான் 2,000, மகளிர் உரிமைத்தொகை 1,000, பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப், எல்லாம் ஒரே கணக்கில் வந்து விழும், எல்லாம் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் இருக்கும்.

இன்று எங்கள் வீதி அக்கா பாஸ்புக்கோடு வங்கியின் பதிவுத் தபாலையும் கொண்டுவந்தார். அக்டோபர் 23 அன்று அவர் கணக்கில் 1,35,000 ரூபாய் தவறுதலாக வரவு வைக்கப்பட்டதாம், 7 நாளில் முழுத் தொகையும் கட்டாவிட்டால் சட்ட நடவடிக்கையாம். நான் வாசித்துச் சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்துவிட்டது. பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை, சனிக்கிழமை வாரச் சம்பளம். அஞ்சாவதுக்கு மேல் படிக்கவில்லை.

"வீட்டுப் பணம்னுதானே நினைச்சேன் சாமி" என்றார். நினைத்ததில் என்ன தப்பு? கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் அவர் பெயர் இருக்கிறது, குடிசையை மாற்றிக் கான்கிரீட் வீடு கட்ட 3.5 லட்சம், தவணை தவணையாக வங்கிக் கணக்கிலேயே வரும் என்று கிராம சபையில் சொல்லியிருந்தார்கள். கொஞ்ச நாளில் ஒரு தொகை வந்தது. வேறு எதை நினைப்பார்?

19 நவம்பர்

செலவுக் கணக்கைக் கேட்டு எழுதினேன். அடகில் இருந்த சங்கிலியைத் திருப்ப 38,000. மேஸ்திரிக்கு அட்வான்ஸ் 20,000. கம்பி, சிமெண்ட், ஜல்லி 45,000. தீபாவளிக்குத் துணிமணி 6,000. மீதி 26,000 கணக்கிலேயே இருக்கிறது.

அந்த 26,000-ஐப் பற்றித்தான் ராத்திரி அவர்கள் வீட்டில் பெரிய பேச்சு. அக்காவின் வீட்டுக்காரர், காலையில் முதல் வேலையாக அதையும் எடுத்துவிடலாம் என்றார். "போட்டது அவங்க தப்பு, நாம என்ன திருடியா வந்தோம்? மெட்ராஸ்ல அந்த டாக்ஸிக்காரருக்கு ஒம்பதாயிரம் கோடி ஏறுச்சே, அவர் அனுப்பின இருபத்தோராயிரத்தைப் பேங்க்காரங்க கேக்காமலே விட்டுட்டாங்களாமே" என்றார். அது 2023 செப்டம்பரில் நடந்தது, உண்மைதான். ஆனால் அவர் அந்த 21,000-ஐ நண்பருக்கு அனுப்பியது, வந்தது நிஜப் பணமா என்று பார்க்க. பெருந்தொகையை வங்கியே உடனே திரும்ப எடுத்துக்கொண்டது.

நம் ஊர்க் கதையை ஏன் அண்ணா மறந்துட்டீங்க என்று கேட்டேன். 2012இல் திருப்பூரில் ஓர் எல்.ஐ.சி. முகவர் கணக்கில் 40 லட்சம் வந்து விழுந்தது, எம்.பி., எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு வேலைக்கான அரசுப் பணம். அவரும் மனைவியும் சொத்து வாங்கினார்கள், மகள் கல்யாணத்தையும் முடித்தார்கள். வங்கி கேட்டும் திருப்பித் தரவில்லை. 2019இல் இரண்டு பேருக்கும் 3 வருட ஜெயில் தண்டனை விதித்தது கோர்ட்.

நேற்று வரை அக்கா செலவழித்தது வேறு, இந்தக் கடிதம் கைக்கு வந்த பிறகு எடுக்கிற ஒரு ரூபாய் கூட வேறு. இதை நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் அக்காதான், "அந்தக் காசைத் தொட்டா எம்பேர்ல சத்தியம்" என்று வீட்டுக்காரரிடம் சொல்லி முடித்தார்.

20 நவம்பர்

கணக்கை ஹோல்ட் பண்ணிவிட்டார்கள். 26,000 அப்படியே இருக்கிறது, எடுக்கத்தான் முடியாது. நல்லதாகப் போயிற்று, வீட்டில் சண்டையும் நின்றது.

22 நவம்பர்

அக்கா அரைநாள் சம்பளத்தை விட்டு வந்தார், இரண்டு பேரும் வங்கிக் கிளைக்குப் போனோம். மேனேஜர் சின்ன வயசு, கெட்டவர் இல்லை, ஆனால் முதலிலேயே குற்றவாளியோடு பேசுகிற மாதிரிதான் ஆரம்பித்தார். பாஸ்புக்கில் அந்த வரியை விரலால் தட்டிக் காட்டி, "டெக்ஸ்டைல்ஸ்னு இருக்கு பாருங்கம்மா, கவர்மெண்ட் பணம் டெக்ஸ்டைல்ஸ் பேர்லயா வரும்?" என்றார். அது ஆங்கிலத்தில் நாலு எழுத்து, பாதியில் வெட்டுப்பட்டு அச்சாகியிருக்கிறது. நானே இரண்டு தடவை பார்த்துத்தான் புரிந்துகொண்டேன்.

அக்கா அப்போது சொன்னதை நான் அப்படியே எழுதி வைக்கிறேன். "இதே கவுண்டர்ல வந்து பணம் வந்திருக்குங்களான்னு கேட்டேன் சார். ஒண்ணு முப்பத்தஞ்சு ஏறியிருக்கும்மான்னு சொன்னாங்க. சலான் எழுதத் தெரியலைன்னேன், அவங்களே எழுதி, ஒரு லட்சம் எண்ணிக் குடுத்தாங்க."

மேனேஜர் கொஞ்ச நேரம் பேசவில்லை. நேர்மையற்ற எண்ணம் இருந்தால்தான் குற்றம், புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 314வது பிரிவு அதைத்தான் சொல்கிறது, பழைய சட்டத்தில் 403. குறைந்தது 6 மாதம், அதிகம் போனால் 2 வருடம். வந்ததை வெளிப்படையாகக் கேட்டு, உங்கள் ஊழியர் கையாலேயே வாங்கிப் போனவரிடம் எந்த எண்ணத்தைத் தேடுவீர்கள் என்று கேட்டேன். அதே நேரத்தில் பணத்தைத் திருப்பித் தர மாட்டோம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒப்பந்தச் சட்டம் 72வது பிரிவு தெளிவாக இருக்கிறது, தவறுதலாகக் கொடுக்கப்பட்ட பணத்தை வாங்கியவர் திருப்பித் தந்தாக வேண்டும், தெரிந்து வாங்கினாலும் சரி, தெரியாமல் வாங்கினாலும் சரி.

எப்படித் தருவது என்பதுதான் கேள்வி, 7 நாளில் முடியாது. எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்து, சீல் போட்ட நகலையும் வாங்கிக்கொண்டேன்.

2 டிசம்பர்

அந்தப் பணம் யாருடையது என்று தெரியாமல் எனக்கு நிம்மதியில்லை. வெட்டுப்பட்ட பெயரை வைத்து விசாரித்துப் போனேன். விசைத்தறிக்காரர், சின்ன அளவில்தான் ஓட்டுகிறார். நூல் வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கி அது. பணம் வரவில்லை என்று வியாபாரி தீபாவளிக்கு முன்னால் நூலை நிறுத்திவிட்டாராம், தறி நின்று, ஆட்களுக்குப் பேசின போனஸில் பாதிதான் கொடுக்க முடிந்ததாம். அக்கா வீட்டில் புதுத் துணி எடுத்த அதே வாரம் இன்னொரு பக்கம் தறி ஓட்டுகிற ஆட்கள் பாதி போனஸோடு ஊருக்குப் போயிருக்கிறார்கள். இதை அக்காவிடம் சொல்லலாமா என்று யோசித்து, சொல்லிவிட்டேன். அவருக்குத் தெரிய வேண்டும் என்றுதான் பட்டது.

விசைத்தறிக்காரரிடம், வங்கியில் செக் கொடுத்தபோது வாங்கிய கவுண்டர்ஃபாயில் (சீட்டின் அடிக்கட்டை) இருந்தது. கணக்கு எண் சரியாகவே எழுதியிருக்கிறார். வங்கியில் அடித்தவர் கடைசி இரண்டு எண்களை மாற்றி அடித்திருக்கிறார். வியாபாரிக்கும் அதே வங்கியில்தான் கணக்கு. ஒரே வங்கிக்குள் மாற்றும்போது எண்ணை அடித்ததும் கணக்குக்காரர் பெயர் திரையில் வந்துவிடும். நூல் வியாபாரி பெயருக்குப் பதில் ஒரு பெண்ணின் பெயர் அங்கே நின்றிருக்கிறது, அடித்தவரும் பார்க்கவில்லை, சரிபார்த்து ஓகே கொடுத்தவரும் பார்க்கவில்லை. இத்தனைக்கும் இவரிடம் முதலில் "நீங்கதான் நம்பரைத் தப்பா எழுதியிருப்பீங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். கவுண்டர்ஃபாயிலைக் காட்டிய பிறகுதான் அவருக்கு வங்கியே பணத்தைக் கொடுத்திருக்கிறது. நகல் எடுத்துக்கொள்ளச் சொன்னார், நல்ல மனுஷன்.

16 டிசம்பர்

இந்த மாத உரிமைத்தொகை 1,000 வந்திருக்கிறது, அதுவும் ஹோல்டில் மாட்டிக்கொண்டது. எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. 2023இல் திட்டம் தொடங்கியபோதே, இந்தப் பணத்தில் வங்கிகள் எதையும் பிடிக்கக் கூடாது என்று நிதியமைச்சர் சொன்னார், பிடித்தால் முதல்வரின் உதவி எண் 1100க்குப் புகார் சொல்லலாம் என்றும் அறிவித்தார்கள். புகார் சொல்லிவிட்டேன். வங்கிக்கும் தனியாக ஒரு கடிதம், தவறாக வந்த 1,35,000-க்கும் அரசு தருகிற ஆயிரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டு.

யூகோ வங்கியில் 2023 நவம்பரில் 820 கோடி இப்படித்தான் 41,000 பேர் கணக்குகளில் ஏறியது. தொழில்நுட்பக் கோளாறு என்று வங்கி சொன்னது, நாமும் அப்படியே செய்தித்தாளில் வாசித்தோம். வங்கி செய்தால் கோளாறு, அக்கா செய்தால் கிரிமினல் வழக்கு என்ற மிரட்டல். இந்த வித்தியாசம் என்னைத் தூங்கவிட மாட்டேன் என்கிறது.

31 டிசம்பர்

ரிசர்வ் வங்கியின் அறிவிப்பு வந்திருக்கிறது. 2025 ஏப்ரல் 1க்குள், ஆர்.டி.ஜி.எஸ்., நெஃப்ட் என்கிற, வங்கிக்கு வங்கி பணம் மாற்றும் முறைகளில் அனுப்புகிறவர் எண்ணை அடித்ததும் பெறுபவர் பெயரைப் பார்த்துக்கொள்ள வசதி செய்ய வேண்டுமாம். இதுவரை எண்ணை மட்டும் பார்த்தே வரவு வைத்தார்கள், பெயர் ஒத்துப்போக வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, 2010இலிருந்து அதுதான் நடைமுறை. நல்ல விஷயம், ரொம்பத் தாமதம். ஆனால் அக்கா விஷயத்தில் பெயர் திரையிலேயே இருந்ததே, பார்க்கத்தான் ஆளில்லை.

9 ஜனவரி 2025

முடிவுக்கு வந்துவிட்டது. 30 நாள் தாண்டியும் எங்கள் கடிதத்துக்கு எழுத்தில் பதில் வரவில்லை, வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கிற ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேனிடம் போகப் போகிறோம் என்று கவுண்டர்ஃபாயில் நகலோடு சொன்னதும்தான் வங்கியின் வட்டார அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். முதலில் பாக்கியைத் தனிநபர் கடனாக மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். முடியாது என்றேன். கடனாக்கினால் வட்டி ஓடும், ஒரு மாதம் தவறினால் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெட்டுப்போகும், வாங்காத கடனுக்கு அக்கா ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

அக்கா சங்கிலியை மறுபடி அடகு வைத்து 38,000 கொண்டுவந்தார், யாரும் சொல்லவில்லை, அவராகவே செய்தார். கணக்கில் இருந்த 26,000-ம் சேர்த்து 64,000 கட்டியாயிற்று. மீதி 71,000, வட்டியில்லாமல் மாதம் 3,500. போலீஸ் புகார் கிடையாது என்று எழுத்தில் வாங்கிக்கொண்டோம். எண்ணை மாற்றி அடித்தவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன், அது உள் விவகாரம் என்றார்கள்.

6 பிப்ரவரி

முதல் தவணை கட்டியாயிற்று. ஹோல்ட் எடுத்துவிட்டார்கள், மாட்டியிருந்த உரிமைத்தொகையும் கையில் கிடைத்தது. அக்கா இப்போது தினமும் ராத்திரி ஓவர்டைம் பார்த்துவிட்டு வருகிறார், கால் வீங்கியிருக்கிறது. ஒன்றிய அலுவலகத்திலிருந்து ஓவர்சியர் வந்து பேஸ்மென்ட்டை அளந்துவிட்டுப் போனார். உண்மையான வீட்டுப் பணமும் இதே கணக்குக்குத்தான் வரும். வந்தால் முதலில் உங்ககிட்டதான் கொண்டாருவேன், யார் போட்டதுன்னு நீங்க சொல்லாம நான் ஒரு மூட்டை சிமெண்ட் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.